முதல் பெஞ்சில் ஆப்சென்ட்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு போர்டு ஹைஸ்கூலின் நாலாவது பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் தினந்தோறும் ஆப்சென்ட் ஆகிக்கொண்டிருந்தேன். உடம்பு ஓரிடத்தில் இருக்க, ஆள் அங்கே இல்லாமல் போகிற இந்த நிலையை அடைவதற்காகப் பெரிய பெரிய ஞானிகளெல்லாம் காட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். எனக்கு அது காலை முதல் மணியிலேயே கைகூடியது.

காரணம் சாதாரணமானது. எனக்குத் திக்குவாய். பெயர் கூப்பிட்டால் ‘பிரசன்ட் சார்’ என்று சொல்ல வேண்டும். அந்த முதல் எழுத்துக்கு உதடு இரண்டும் ஒட்டும். ஒட்டினால் ஒட்டியதுதான். வாய்க்கால் மடையில் பலகையை இறக்கிவிட்டதுபோல, பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். கன்னம் உப்பும், கண் பிதுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பலகை மட்டும் நகராது. அதற்குள் கணக்கு வாத்தியார் அடுத்த பெயருக்குப் போயிருப்பார்.

அவர் கெட்டவரல்ல. எங்கள் பள்ளிக்கூடத்தின் வரலாறு அவரை அப்படி ஆக்கியிருந்தது. அறுப்பு நாளிலும், வாய்க்காலில் தண்ணீர் முறை வரும் நாளிலும் பாதி வகுப்பு வயலில் நிற்கும். மீதிப் பாதி அவர்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கும். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் முப்பது பேர் ‘பிரசன்ட் சார்’ சொல்லியிருக்கிறார்கள். இதில் பலமுறை ஏமாந்த கணக்கு வாத்தியார் கடைசியில் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பெயர் வாசிப்பார். ஒவ்வொருவன் குரலும் அவர் காதில் ஏறியிருந்தது. மாற்றுக் குரல் வந்தால், மூடிய கண் மூடியபடியே, சொன்னவன் பெயரைச் சொல்லி, “ஏலே, உனக்கு ரெண்டு அடி, அவன் வந்ததும் அவனுக்கு நாலு” என்பார். கணக்கு தப்பவே தப்பாது.

இப்படிக் காதை மட்டும் நம்புகிறவரிடம் நான் கையைத் தூக்கிக் காட்டி என்ன பயன்? ஒருநாள் பக்கத்துப் பையன், “சார், அவன் கையத் தூக்குறான் சார்” என்றான்.

“கையத் தூக்குனா கைக்குப் பிரசன்ட் போடுறேன். ஆளு வாயத் தொறந்து சொல்லட்டும்.”

நானும் சும்மா இருந்தவனல்ல. திக்குகிறவன் எல்லாருக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. வராத சொல்லுக்குப் பதில் வருகிற சொல்லைப் போட்டு நழுவிவிடுவது. நானும் உதடு ஒட்டாத ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து ‘எஸ் சார்’ என்று பாதி மூச்சில் ஊதினேன்.

“எஸ்ஸுங்குறது கேள்விக்குப் பதில். நான் கேள்வியா கேட்டேன்? அதுவும் பாம்பு சீறுற மாதிரி” என்றார்.

அடுத்த நாள் ‘ஆஜர்’ என்று முனகினேன். “இது என்ன, முன்சீப் கோர்ட்டா?” வகுப்பு சிரித்தது. எனக்கே அது நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது. பிற்காலத்தில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கப் போகிறவனுக்கு இதைவிடக் கண்டிப்பான பயிற்சி கிடைத்திருக்காது.

வீட்டில் வைத்தியம் குறைவில்லாமல் நடந்தது. என் ஆத்தா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவியது. கோயில் மணியைக் கவிழ்த்து, அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தது. மணியின் ஓசை தொண்டையில் இறங்குமாம். கிளி கடித்த பழம் தின்றால் கிளிபோலப் பேச்சு வரும் என்று யாரோ சொல்ல, ஒரு கொய்யாப் பருவம் முழுக்கத் தோட்டத்தில் கிளி எச்சிலை நான்தான் தின்றேன். கிளிகள் வரவரத் தைரியமாகிவிட்டன. எனக்குப் பேதிதான் சரளமாக வந்தது.

இதற்கிடையே ஆப்சென்ட் ஏறிக்கொண்டே போயிற்று. ஹெட்மாஸ்டர் என் அய்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வருஷ முடிவுக்குள் பையன் நேராகாவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும், சட்டம் அப்படி என்றார். அய்யா மொச்சை விதைத்துப் பிழைக்கிற ஒரு சம்சாரி. பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற மனுஷன். “பெரியவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்த வாரமே குமுளிக்கு மேலே இருந்து என் தாய்மாமா இறங்கி வந்தார். அவர் அங்கே ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. பாதிப் பேச்சு மலையாளம்.

“படிச்சது மதி, போதும் மருமகனே. மேல வா. அங்கன யாரும் உன்னப் பேசச் சொல்ல மாட்டாக. நாள் முச்சூடும் மழை பெய்யும். நீ காலுல ஏறுற அட்டையப் பிடுங்கிப் போடுறதுக்கே நேரம் பத்தாது. எதுக்குப் பேச்சு?”

“கடைசி மாசம் வரைக்கும் பாப்போம் மச்சான்” என்றார் அய்யா. “பேரு நின்னா படிக்கட்டும். எடுத்துட்டாகன்னா நீ கூட்டிட்டுப் போ.”

“அப்ப நான் போயி ஒரு கம்பளி எடுத்து வச்சிருக்கேன்” என்றார் மாமா. அவருக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கோ படிக்க ஆசை. அது பெரிய அறிவுத் தாகம் என்று இப்போது ஜம்பம் அடிக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பூட்டிய அலமாரி நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன; புத்தகத்தில் வருகிறவர்கள் யாரும் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. அந்த அலமாரியை விட்டு அட்டைகளிடம் போக எனக்கு மனமில்லை.

அந்த வருஷம்தான் மதராஸிலிருந்து புதிதாக ஒரு சயன்ஸ் வாத்தியார் வந்தார். வாத்தியார் படிப்பில், அயல்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் திக்குவாய்ப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கிறார்கள் என்று யாரோ ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்ததைக் கேட்டிருந்தார். ஒரு மணி நேரம் கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு சாஸ்திரத்தையே நடத்தத் துணிகிறவர் அவர். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. சாயங்கால மணி அடித்ததும், திக்குகிறவர்கள் எல்லாரும் சயன்ஸ் அறைக்கு வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. போர்டு ஹைஸ்கூலில் இப்படி ஒரு வகுப்பு வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பையன்கள் ‘தி-தி-திக்கு கிளாஸ்’ என்று உடனே நாமகரணம் செய்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் ஒருவன். அஞ்சாவது பாரத்திலிருந்து ஒரு கொடிக்கால்காரர் மகன். வெற்றிலைக் கொடிக்கு ஊன்றுகிற அகத்தி மாதிரி உயரம், அப்போதே மீசை. மூன்றாவது, முதல் பாரத்தில் படித்த ஒரு பெண். பக்கத்துக் கிராமத்து மாதா கோயில் உபதேசியாரின் மகள். அவள் அப்பா வகுப்பு முடியும்வரை குடையோடு வாசலில் நிற்பார்.

சயன்ஸ் வாத்தியார் எங்களைப் பார்த்து மகிழ்ந்த மாதிரி எங்களைப் பார்த்து அதற்கு முன் யாரும் மகிழ்ந்ததில்லை. முதல் நாள், கிரேக்க தேசத்தில் ஒரு திக்குவாய்க்காரர் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகிப் பெரிய பேச்சாளர் ஆன கதையைச் சொல்லி, முல்லையாற்றிலிருந்து பொறுக்கிவந்த கற்களை ஆளுக்கு இரண்டு கொடுத்தார். கொடிக்கால்காரர் மகன் ஒன்றை விழுங்கிவிட்டான். வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் கல்லுக்குப் பதில் அரைநெல்லிக்காய் வந்தது. நாங்கள் மருந்தைத் தின்றுவிட்டோம். “எங்கடா காய்?” என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வராது என்பது அவருக்கே தெரியும் என்பதால் அன்று தப்பித்தோம்.

பிறகு மெழுகுவர்த்தி ஊதச் சொன்னார். மூச்சை அடக்கச் சொன்னார். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் புவியியல் புத்தகத்தை வைத்து, உலகம் ஏறி இறங்க மூச்சு விடச் சொன்னார். ஒன்றும் நகரவில்லை. ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மனுஷர் நாற்காலியில் சாய்ந்து, “என்னதாம்மா பண்றது?” என்று சும்மா கேட்டார். கேட்டது அந்தப் பெண்ணை.

அவள் கொஞ்ச நேரம் முயன்றாள். “கோ... கோ... கோயில்ல எனக்குத் தி... திக்காது சார்.”

“எந்தக் கோயில்ல?”

“மா... மாதா கோயில்ல. அப்பா ஒவ்வொரு அ... அர்ச்சிஷ்டவுக பேரா வாசிப்பாக. நாங்க எல்லாரும் சேந்து ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ அப்பிடின்னு சொல்லுவோம்.” கடைசி வாக்கியத்தில், புனிதர்களை வேண்டும் அந்தப் பிரார்த்தனைத் துண்டு மட்டும் ஓட்டை உடைசல் இல்லாமல் வந்து விழுந்தது.

வாத்தியார் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, “வாய்ப்பாடு சேந்து சொல்றப்ப உனக்குத் திக்குமா?” என்றார். யோசித்தேன். திக்காது. எட்டு வருஷமாக வகுப்போடு சேர்ந்து வாய்ப்பாடு கத்தியிருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. எவனும் தான் திக்காத நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

“போதும். கல்லத் தூக்கிப் போடு” என்றார் சயன்ஸ் வாத்தியார்.

அன்று முதல் எங்கள் வகுப்பு மாதா கோயில் மன்றாட்டு ஆகிவிட்டது. அவர் நடு அறையில் நின்று பெயர் வாசிப்பார். என் பெயர் வந்தாலும், அவன் பெயர் வந்தாலும், அவள் பெயர் வந்தாலும், மூன்று பேரும் சேர்ந்து ‘பிரசன்ட் சார்’. முதல் தடவையே மூன்று குரலும் ஒன்றாகப் போய்ச் சுவரில் மோதின. வாசலில் நின்ற உபதேசியார் பயந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லாதவர்கள் பெயரையும், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊர்களின் பெயரையும் வாசிக்கச் சொல்லி எல்லாவற்றுக்கும் ஆஜரானோம். கோம்பை, பிரசன்ட் சார். வடுகபட்டி, பிரசன்ட் சார். அன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு முழுதுக்கும், அதைத் தாண்டியும் வருகை சரியாக இருந்தது.

பிறகு வாத்தியார் ஒரு யுக்தி செய்தார். என் பெயர் வரும்போது மற்ற இருவரும் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். சில வாரம் கழித்துக் கிசுகிசு. அப்புறம் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். அவர்கள் உதடு ஒட்டுவதையும் பிரிவதையும் பார்த்தால் என் உதடும் கூடவே பிரிந்துவிடும். ஆனால் அவர்கள் திரும்பி நின்றுகொண்டால் மடை மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வருஷக் கடைசியும் வந்துவிட்டது. மறு வாரம் பெயர் எடுக்கிற வாரம் என்று பேச்சு.

கொடிக்கால்காரர் மகன்தான் வழி கண்டுபிடித்தான். அவன் வகுப்புக்கு முதல் மணி டிரில். “ச... சன்னல்ல நிக்கிறேன்லே. எ... என் ஒதட்டப் பாத்துச் சொல்லு.”

மறுநாள் காலை. கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு பெயர் வாசிக்க ஆரம்பித்தார். சன்னலுக்கு வெளியே மீசையோடு ஒரு தலை மட்டும் எழுந்தது. என் பெயர் வந்தது. வழக்கப்படி என் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே அவர் மூச்சுகூட விடமாட்டார். சன்னலில் அந்த உதடு ஒட்டியது, பிரிந்தது.

“பிரசன்ட் சார்!”

சொன்னது நான். அறை முழுக்கக் கேட்டது. அடுத்த பெயரின் முதல் எழுத்தில் இருந்த கணக்கு வாத்தியார் அப்படியே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் இன்னொருவரைத் திக்க வைத்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“எவன்டா அவன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் இருந்த அத்தனை குரலும் அவர் காதில் உண்டு. என் குரல் மட்டும் இல்லை. ஊதலும் முனகலும் தவிர அவர் அதைக் கேட்டதே கிடையாது. அவரைப் பொறுத்தவரை அது அந்நியக் குரல். அதோடு சன்னலில் ஒரு வேற்று வகுப்புப் பையனின் வாய் அப்போதும் அசைந்தபடி இருந்தது.

“ஓகோ! இருக்குறவனுக்கே ப்ராக்ஸி குடுக்க ஆரம்பிச்சிட்டீகளா!” என்றார். அவர் உத்தியோகத்தில் இது புதிய வகைக் குற்றம். இரண்டு பேரையும் காதைப் பிடித்து ஹெட்மாஸ்டர் அறைக்கு இழுத்துப் போனார்.

ஹெட்மாஸ்டர் விஷயத்தை இரண்டு முறை கேட்டார். “இருங்க. இந்தப் பையன் வகுப்புல இருந்தானா, இல்லையா?”

“இருந்தான் சார். முதல் பெஞ்சு.”

“அப்ப அவனுக்கு எதுக்குய்யா இன்னொருத்தன் சொல்லணும்?”

“இவன் பேச மாட்டான் சார். ஒரு வருஷமா இவன் கொரல நான் முழுசாக் கேட்டதில்ல. சொன்னது அந்தச் சன்னல்காரன்.”

ஹெட்மாஸ்டர் சன்னல்காரனைப் பார்த்தார். “ஏம்ப்பா, நீயா சொன்ன?”

அவன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். “நா... நா... நா... நா...” மீசை துடித்தது, கண் மேலே போயிற்று, ஒரு கால் தரையைத் தட்டியது. ஹெட்மாஸ்டர் அவனையும் கணக்கு வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவனா சார் ப்ராக்ஸி குடுத்தான்?”

அதற்குள் செய்தி கேட்டுச் சயன்ஸ் வாத்தியார் கையில் ஒரு சோதனைக் குழாயோடு ஓடி வந்துவிட்டார். “அவன் குரல்தான் சார், அவன் குரல்தான். நான் தினம் கேக்குறேன்” என்றார்.

“யார் சொல்றதும் வேண்டாம்” என்று ஹெட்மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “நானே கூப்பிடுறேன். சொன்னா பிரசன்ட். சொல்லலன்னா, தம்பி, என்னால ஒண்ணும் செய்ய முடியாது.” என் பெயரை, முகப்பெழுத்தோடு, நிதானமாகக் கூப்பிட்டார்.

உதடு ஒட்டியது. பழைய இடத்தில், பழைய பலகை. பின்னால் தண்ணீர் ஏறியது. கொடிக்கால்காரர் மகன் தன்னுடைய ‘நா’வோடு இன்னும் போராடிக்கொண்டிருந்தான்; அவனால் எனக்கு உதவ முடியாது. குமுளி மழை காதில் கேட்டது. ஹெட்மாஸ்டர் காத்திருந்தார். எனக்காக ஒரு வயதானவர் அவ்வளவு நேரம் சும்மா காத்திருந்தது அதுதான் முதல் தடவை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் உதடு ஒட்டியிருந்தது.

அவருக்கே தெரியாது. பக்கத்தில் சயன்ஸ் வாத்தியார் உதடும் ஒட்டியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கணக்கு வாத்தியார்! முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு இரண்டையும் இறுக்கி, கன்னம் லேசாக உப்ப, அந்த மனுஷர் எனக்காக அந்த எழுத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். திக்குகிறவன் எதிரே நிற்கிற எவருக்கும் இது நடக்கும் என்று பின்னால் நிறையப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு கோயில் நிறைய ஜனமாக இருந்தது. கணக்கு வாத்தியாரின் உதடு மெல்லப் பிரிந்தது. நானும் கூடவே போனேன்.

“பிரசன்ட் சார்!”

வெளியே வேப்பமரத்தில் இருந்த காக்கை பறந்தது. அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சயன்ஸ் வாத்தியார் சோதனைக் குழாயைக் கீழே போட்டுவிட்டார். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். வகுப்பில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் இவன் இருந்தவன்தான், அதற்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கணக்கு வாத்தியார் மட்டும் விடவில்லை. என் முன்னால் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“பிரசன்ட் சார்.”

“இன்னொரு வாட்டி.”

ஒவ்வொரு தடவையும் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். வீணை வாங்கப் போனவர் தந்தியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. இரண்டு முறை இடையில் நின்றேன். கண்ணைத் திறக்காமலே காத்திருந்தார். கடைசியில், “ம். ஏறிருச்சு. இனி எவனும் உனக்குச் சொல்ல முடியாது” என்றார். அதன் பிறகு அவர் வாசிப்பில் என் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. வேண்டுமென்றே விட்டாரா, வயதாகிவிட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கம்பளியோடு இறங்கி வந்தார். அய்யா ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, “பேரு நின்னுபோச்சு மச்சான். படிக்கட்டும்” என்றார். மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. “ரெண்டு நா பேசுவான், அப்புறம் பழையபடி” என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். பஸ்வரை வழியனுப்பப் போனேன்.

“என்ன மருமகனே, வாரியா, இல்லையா? உன் வாயால சொல்லு, கேப்போம்” என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“நா... நா... நா...”

“பாத்தியா? நான் சொல்லல?”

அது பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடிய யுத்த காலத்துக் கரி பஸ். பின்னால் உலை. கிளீனர் துருத்தியைச் சுற்றச் சுற்ற, வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், இருமும், நிற்கும். மறுபடி குலுங்கும். முதல் எழுத்திலேயே நிற்கிற வண்டி. எங்கள் வகுப்பில் சேர்த்திருக்கலாம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அது கிளம்ப வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கியிருந்தார்கள். எனக்கு அவசரமே இல்லை. நின்று, நிதானமாக, அத்தனை சன்னலையும் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான் வரல மாமா. நான் பள்ளிக்கூடத்துல இருக்கேன். நீங்க கம்பளியப் போத்திக்கிட்டுப் பத்திரமாப் போங்க. அத்தையக் கேட்டதாச் சொல்லுங்க. மழைக்குள்ள ரொம்ப நிக்காதீக.”

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் பஸ் கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் கண்டக்டரிடமும் இரண்டு வார்த்தை பேசினேன்.